பிழைக்க வந்தோரும் வழி கண்டோரும்

மும்பை மாநகருக்குத் தமிழர் வந்த வரலாறு, பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்த வரலாறே ஆகும். திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தோர் உளர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, தஞ்சையினின்றும் பாலக்காட்டினின்றும் மாதுங்காவிற்கும் செம்பூருக்கும் வந்தோர் உளர். அவருள் எவரும், 'எனக்கு உகந்த தொழில் யாது?' என்று ஆராய்ந்து தெளிந்த பின்னர் இரயில் ஏறியவர் அல்லர். 'எந்த வேலை கிடைக்கும்?' என்பது ஒன்றே அவர்தம் கேள்வியாக இருந்தது. முதல் தலைமுறையின் கேள்வி வயிற்றைப் பற்றியது; அதன் பின் வந்த தலைமுறையின் கேள்வியோ மனத்தைப் பற்றியது.

இவ்விரு கேள்விகளுக்கும் இடையே நம் இல்லங்களில் இன்றும் வழக்கு நடந்தவண்ணம் இருக்கிறது. மகள் ஒன்றை விரும்புகிறாள். தந்தை வேறொன்றை வற்புறுத்துகிறார். தந்தையைக் குறை கூறுவதற்கில்லை. வாடகை கொடுக்க வகையற்று நின்ற நாள்களை அவர் மறந்தாரல்லர். மகளையும் குறை கூறுவதற்கில்லை. அந்நாள்களைத் தன் பிள்ளைகள் அறியலாகாது என்றுதானே தந்தை உழைத்தார்! இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. இந்நகரத்துத் தமிழருள் வழி கண்ட சிலருடைய வாழ்க்கையைச் சான்றாக எடுத்து, அவர் எங்ஙனம் தம் பணியைக் கண்டடைந்தனர், இடையில் வந்த இழப்புகளை எங்ஙனம் பயன்படுத்தினர் என்பதை மட்டும் நேயர்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

பயணச்சீட்டை மறுத்த சிறுவர்

1990ஆம் ஆண்டு, அந்நாளைய பம்பாயின் பாந்த்ரா இரயில் நிலையத்தில் பதினேழு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் தனியே நின்றார். தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்தைச் சேர்ந்தவர்; பெயர் பிரேம் கணபதி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சென்னையில் சிறு வேலைகள் செய்துகொண்டிருந்தவரை, மாதம் ரூ.1,200 ஊதியத்தில் வேலை வாங்கித் தருவதாகக் கூறி ஒருவர் அழைத்து வந்தார். பெற்றோருக்குச் சொல்லாமலே புறப்பட்டுவிட்டார் இளைஞர். அழைத்து வந்தவரோ, கையிலிருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டு மறைந்து போனார். ஊரும் தெரியாது, இந்தியும் தெரியாது.

வழியில் கண்ட தமிழர் ஒருவர் இரங்கி, அவரைத் தாராவி மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ஊர் திரும்புவதற்குப் பயணச்சீட்டு வாங்கித் தர அங்கிருந்தோர் முன்வந்தனர். அவர்தம் நல்லெண்ணத்தைப் போற்றுதல் நம் கடமை. ஆயினும் இளைஞர் அதனை ஏற்கவில்லை. இங்கேயே இருந்து பிழைப்பது என்று துணிந்தார். மாஹிமில் ஒரு ரொட்டிக் கடையில் பாத்திரம் துலக்கும் வேலை கிடைத்தது. மாத ஊதியம் ரூ.150. இரவில் அங்கேயே படுக்கை.

அதன் பின்னர்ச் செம்பூரில் உணவு கொண்டு கொடுக்கும் வேலை. பிறகு நவி மும்பையில் மீண்டும் பாத்திரம் துலக்கும் வேலை. பிறகு தேநீர் வணிகம். 1992இல் ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்து, வாஷி இரயில் நிலையத்துக்கு எதிரே இட்டிலியும் தோசையும் விற்கத் தொடங்கினார். ஊரிலிருந்த உடன்பிறந்தாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். தெருவோரக் கடையாயினும் தூய்மை குன்றலாகாது என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. உரிமம் இல்லாத வண்டி என்று நகராட்சியினர் பலமுறை அதனைக் கைப்பற்றிச் சென்றனர். ஒவ்வொரு முறையும் தண்டம் செலுத்தி மீட்டு வந்தார்.

தாராவியினின்று நாள்தோறும் விடியற்காலையில் இட்டிலிப் பாத்திரத்தை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, குழல் ஒலித்தபடி நகரெங்கும் செல்லும் நம்மவரை அறியாதார் யார்? அவர்களுக்கும் பிரேம் கணபதிக்கும் உழைப்பில் வேற்றுமை ஒன்றுமில்லை. வேற்றுமை, பின்னர் நேர்ந்த ஓர் இழப்பினின்று அவர் கற்ற பாடத்தில் இருக்கிறது.

1997இல் அவர் வாஷியில் வாடகைக்கு இடம் பிடித்துத் தோசைக் கடை வைத்தார். கடை நன்கு நடந்தது. அந்த ஊக்கத்தில் சீன உணவுக் கடை ஒன்றையும் தொடங்கினார். அது சில திங்களுக்குள்ளேயே நட்டமடைந்து மூடப்பட்டது. இத்தகைய இழப்பு நேர்ந்தால் நம்மில் பலர், 'நமக்குத் தெரியாத தொழிலில் இறங்கியது தவறு' என்று கூறி அதனை மறக்க முயல்வோம். அவர் மறக்கவில்லை. கடை போயிற்று, ஆனால் சீனச் சமையலின் சுவைச் சாறுகளும் கலவை முறைகளும் கைவசம் இருந்தன. அவற்றைத் தோசைக்குள் வைத்துப் பார்த்தார். செஷ்வான் தோசை, அமெரிக்கன் சாப்சி தோசை என்று புதுமைகள் பிறந்தன. முதலாண்டில் 26 வகையாக இருந்தவை, 2002க்குள் 105 வகையாகப் பெருகின. 2003இல் வாஷியின் சென்டர் ஒன் பேரங்காடியில் 'தோசா பிளாசா' இடம் பெற்றது. பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் அப்பெயர் பரவியது.

தோசை சுடுவது தம் பிறவிப் பணி என்று அவர் கருதிப் பாந்த்ராவில் இறங்கவில்லை. தேடி வந்தது கூலி. கிடைத்தது பாத்திரம் துலக்கும் வேலை. அதன் வழியே கண்டது அடுக்களை. அடுக்களையில் கண்டதே தொழில். ஆகவே, பணி என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் ஒன்று அன்று என்பதை இவ்வாழ்க்கையிலிருந்து அறிகிறோம்.

'இராசியற்றவர்' என்ற பழி

செம்பூரில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண் வித்யா பாலன். நடிப்பே தம் விருப்பம் என்பதை இளமையிலேயே அறிந்தவர். 1995இல் தொடங்கிய 'ஹம் பாஞ்ச்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் பள்ளிப் பருவம் முடியும் வேளையிலேயே தோன்றினார். நடிக்க விரும்பினால் நடிக்கலாம், ஆனால் படிப்பை முடித்தாக வேண்டும் என்பது பெற்றோரின் கட்டளை. சேவியர் கல்லூரியில் சமூகவியல் பயின்று, மும்பைப் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முடித்தார்.

இடையில் மலையாளத்தில் மோகன்லாலுடன் 'சக்கரம்' என்னும் படத்தில் நடிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அதனைத் தொடர்ந்து பன்னிரண்டு மலையாளப் படங்களுக்கு ஒப்பந்தமானார். ஆனால் தயாரிப்பில் எழுந்த இடர்களால் 'சக்கரம்' இடையிலேயே நின்றது. நின்றதற்கு அவர் எவ்வகையிலும் காரணர் அல்லர். எனினும், 'இப்பெண் இராசியற்றவள்' என்ற பேச்சுக் கிளம்பிற்று. ஒப்பந்தமான படங்கள் கைநழுவின. தமிழிலும் அதே நிலை. 'ரன்' படத்தில் முதற்கட்டப் படப்பிடிப்பு முடிந்தபின் நீக்கப்பட்டார். 'மனசெல்லாம்' படத்திலும் அவருக்குப் பதிலாக வேறொருவர் நடித்தார்.

தன் தவற்றால் நேர்ந்த தோல்வி வேறு. பிறர் சுமத்திய பழி வேறு. முன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பின்னதைச் சுமந்து திரியத் தேவையில்லை. இவ்வேறுபாட்டை உணராதார், திருத்த வேண்டியதைத் திருத்தாமல், வருந்த வேண்டாததற்கு வருந்திக் காலத்தைப் போக்குவர். வித்யா பாலன் பெரிய வாய்ப்பு இல்லாத ஆண்டுகளில் விளம்பரப் படங்களில் நடித்தார். அவ்விளம்பரங்களால் அவர்தம் திறனை அறிந்த இயக்குநர் பிரதீப் சர்க்கார், தம் முதற்படத்துக்கு அவரை முன்மொழிந்தார். அதற்குள், 2003இல், 'பாலோ தேகோ' என்னும் வங்கப் படம் அவரைத் திரைக்கு அறிமுகப்படுத்திற்று. சர்க்காரின் படமோ எளிதில் கிட்டவில்லை. தயாரிப்பாளர் தயங்கினார், பல திங்கள் தொடர்ந்து ஒத்திகைப் படப்பிடிப்புகள் எடுத்துப் பார்த்த பின்னரே இசைந்தார். அதுவே 2005இல் வெளிவந்த 'பரிணீதா'. 2011இல் வெளியான 'தி டர்ட்டி பிக்சர்' அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 2014இல் பத்மஸ்ரீ வந்தது. இராசி என்ற சொல் இருந்த இடம் தெரியவில்லை.

கணினியும் இசையும்

மூன்றாமவரும் செம்பூரில் பிறந்தவரே. 1967இல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சங்கர் மகாதேவன், ஐந்து வயதிலேயே வீணையைக் கையில் எடுத்தவர். கருநாடக இசையோடு இந்துஸ்தானியும் பயின்றவர். ஆயினும் நம் குடும்பங்களின் வழக்கப்படிப் பொறியியல் கல்லூரிக்கே சென்றார். 1988இல் நவி மும்பையில் கணினிப் பொறியியல் பட்டம் பெற்று, மென்பொருள் நிறுவனத்தில் வேலையும் பார்த்தார். நல்ல வேலை, நல்ல ஊதியம். அதனை விடுத்து இசையே தொழில் என்று அவர் துணிந்தபோது, இப்போது நாம் அறிந்துள்ள புகழ் எதுவும் உறுதியாக இருந்ததன்று. 1998இல் 'பிரெத்லெஸ்' அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படப்பாடலுக்காகத் தேசிய விருது பெற்றார். 2019இல் பத்மஸ்ரீயும், 2024இல் 'சக்தி' குழுவினருடன் கிராமி விருதும் வந்து சேர்ந்தன.

அப்படியாயின் பொறியியல் படித்த ஆண்டுகள் வீணோ? அன்று. வேலையை விடும் துணிவுக்குப் பின்னே, தேவைப்பட்டால் திரும்பிச் செல்ல ஒரு கல்வி இருக்கிறது என்ற உறுதி நிற்கிறதல்லவா? மேலும், பிற்காலத்தில் இணையத்தின் வாயிலாக உலகெங்குமுள்ள மாணாக்கருக்கு இசை கற்பிக்கும் கழகத்தை அவர் நிறுவினார். கணினியும் இசையும் ஆங்கே கைகோத்தன. கற்றது எதுவும் கெடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எரிந்த அரங்கம்

தனி மனிதருக்கு நேர்வன சமுதாயத்துக்கும் நேரும். மாதுங்கா, கிங்ஸ் சர்க்கிள் அருகே நிற்கும் சண்முகானந்த அரங்கத்தை நம் நேயர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1952இல் தொடங்கப்பெற்ற சபை, 1963இல் தனக்கென அரங்கம் கண்டது. 1990இல் நேர்ந்த தீ விபத்து அதனைப் பாழாக்கிற்று. அத்தோடு ஒரு சபை மறைந்திருக்கலாம். ஆனால் எரிந்தது கட்டடம். எஞ்சியது இசை கேட்கும் பழக்கமுடைய ஒரு சமுதாயம். அதன் துணையால் அரங்கம் எழுப்பப்பெற்று 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் கழிந்தவை எட்டு ஆண்டுகள். பொறுமைக்கு அளவு கேட்போர் இவ்வெண்ணை நினைவிற்கொள்வாராக.

நாம் கொள்ள வேண்டுவன

இந்நான்கு வரலாறுகளுக்கும் பொதுவாகிய ஒன்று உண்டு. இழப்பு நேர்ந்த பின்னர், 'போனது எவ்வளவு?' என்பதோடு கணக்கு முடியவில்லை. 'கையில் எஞ்சியது யாது?' என்பதும் கேட்கப்பட்டது. மூடிய கடையினின்று ஒரு கைப்பக்குவம் எஞ்சிற்று. நின்றுபோன படங்களுக்குப் பின்னர்ப் பட்டப்படிப்பும் பயிற்சியும் எஞ்சின. விட்ட வேலையிலிருந்து ஒரு கல்வி எஞ்சிற்று. எரிந்த அரங்கத்திலிருந்து ஒரு சுற்றம் எஞ்சிற்று. வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். இடுக்கண் வாராது என்று அவர் கூறினாரல்லர். வந்தபோது அழியாமல் நிற்பதையே கூறினார்.

முயன்றோர் அனைவரும் வென்றனர் என்று எழுதுவது பொய்யாகும். மீட்கப்படாத தள்ளுவண்டிகள் உண்டு. திரைக்கு வாராத முகங்கள் உண்டு. அவர்கள் முயற்சியில் குறைந்தவர் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. விழுந்தவர் எழுவதற்கு ஊக்கம் மட்டும் போதாது; படுக்க ஓரிடமும், ஒருவேளைச் சோறும், நம்பி வேலை தரும் ஒருவரும் வேண்டும். நாகலாபுரத்து இளைஞருக்கு மாஹிமில் ஒரு மூலை கிடைக்காதிருந்தால், அவர் மறுத்த பயணச்சீட்டையே நாடியிருக்க நேர்ந்திருக்கும்.

ஆதலின் இளைஞர்களுக்குக் கூறுவோம்: உம் பணி எதுவென்று இன்னும் தெரியவில்லையே என்று மனம் சோர வேண்டாம், கையிலுள்ள வேலையைக் கருத்தோடு செய்து, அதனுள் எது உம்மை ஈர்க்கிறது என்று கவனித்து வாருங்கள். பெற்றோர்களுக்குக் கூறுவோம்: படிப்பை முடிக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. முடித்த பின்னர்ச் சில ஆண்டுகள் அவர்தம் வழியில் முயல விடுங்கள். அது அவர்கள் உரிமை. தோற்று வந்தால், 'அப்போதே சொன்னேனே' என்ற சொல்லை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

நம் போன்ற சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. திக்கற்று நிற்கும் தமிழருக்கு ஊர் திரும்பச் சீட்டு வாங்கித் தருவது அறம், ஐயமில்லை. அதனோடு, 'இங்கேயே இருந்து முயல விரும்புகிறாயா, தம்பி?' என்று ஒரு கேள்வியும் கேட்போமாக. ஆம் என்று அவர் விடை கூறின், அவருக்கு ஒரு மாதத்துக்கு இடம் தரக்கூடியவர் நம்முள் எவரென்று இன்றே எண்ணி வைப்போமாக.