எண்ணெய்ப் படலத்தில் இழுத்த மூச்சு

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டனர். 87 நாள் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது.

டால்பின் மீனல்ல, மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். எண்ணெய் ஆவி அடர்ந்து நிற்பதும் அதே நீர்மட்டத்தில்தான். வடிகட்ட மூக்கில் மயிர்கூடக் கிடையாது. ஒரே மூச்சில் நுரையீரல் காற்றில் பெரும்பகுதியை மாற்றிக்கொள்ளும் திறமையே அங்கே வினையாகியிருக்க வேண்டும்.

2011இல் லூசியானாவில் எண்ணெய் படிந்த பாரடாரியா விரிகுடாவின் டால்பின்களைப் பிடித்து, அல்ட்ராசவுண்ட் கருவியால் நுரையீரலைப் பார்த்தார்கள். புளோரிடாவில் எண்ணெய் படாத சாரசோட்டா விரிகுடாவின் டால்பின்களைவிட இவற்றுக்கு நுரையீரல் நோய் முற்றியிருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு. ஏறக்குறைய பாதி விலங்குகளின் உடல்நிலை நம்பிக்கை தரவில்லை. சோதித்தவர்கள் அவற்றை அதே தண்ணீரில்தான் திரும்ப விட்டார்கள். வேறு எங்கே விடுவது?