கிரீஸ் டூர் பட்ஜெட் இல்லையா? நெல்லிக்குப்பம் பக்கத்திலேயே இருக்கு ஒரு ‘யவனர்’ துறைமுகம்!

இன்ஸ்டாவில் சாண்டோரினி போட்டோ பார்த்து ஏங்கும் நெய்வேலி, நெல்லிக்குப்பம் இளைஞர்களுக்கு ஒரு தகவல். கிரேக்கத் தீவு பாணி ஜாடிகளில் அடைத்த மது 2,000 வருடங்களுக்கு முன்பே நம்ம ஏரியாவுக்கு வந்து இறங்கியிருக்கிறது. இடம், புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு.

நெல்லிக்குப்பத்தில் இருந்து கடலூர், அங்கிருந்து புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் தாண்டினால் அரியாங்குப்பம். அங்கே கடல் பக்கமாகத் திரும்ப வேண்டும். பைக்கில் போனால் காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பிடலாம்.

அங்கே என்ன இருக்கு?

உண்மையைச் சொன்னால், கண்ணுக்குத் தெரிவது ரொம்பக் கம்மி. ஆற்றோரம், மாந்தோப்பு, தென்னை, ஒரு பழைய செங்கல் இடிபாடு. பலரும் அந்த இடிபாட்டின் முன் நின்று ‘ரோமானியக் கட்டடம்’ என்று செல்ஃபி போடுகிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டியது! தோண்டிய குழிகளை எல்லாம் ஆய்வாளர்கள் மூடிவிட்டார்கள். வரலாறு காலுக்குக் கீழேதான்.

1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியச் சிவப்புப் பளபளப்பு மண்பாண்டங்களும், ஆம்போரா எனும் இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. ‘இது ரோமானிய வணிக நிலையம்’ என்றார் அவர். 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டிய விமலா பெக்லி குழு அந்தக் கதையைத் திருத்தியது. கப்பல்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கு நம்ம ஆட்கள் ஊர் அமைத்து வாழ்ந்திருக்கிறார்கள். கண்ணாடி மணி செய்து விற்ற கைவினைஞர்களின் ஊர் இது. யவனர்கள் வந்தது வியாபாரத்துக்கு. ஊரை உருவாக்கியது அவர்கள் இல்லை. அரிக்கமேட்டை ‘ரோமானிய ஊர்’ என்றே இன்னமும் எழுதுவது சரியில்லை.

கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பு இந்தக் கரையில் ‘பொதுகே’ என்றொரு துறையைச் சொல்கிறது. அது அரிக்கமேடுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

சாப்பாடு விஷயம்?

இங்கு கிடைத்த ஆம்போராக்களில் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியில் செய்தவை கணிசம். கோஸ் மதுவில் கடல் தண்ணீர் கலப்பது வழக்கமாம்! ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பில் ஊறவைத்துச் செய்யும் ‘காரும்’ சாஸும்கூட வந்திருக்கின்றன. கருவாட்டு வாசனை பழகிய கடலூர்க்காரர்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்திருக்காது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் குடித்ததைப் புறநானூறும் பேசுகிறது.

முதலில் புதுச்சேரி பாரதி பூங்கா அருகே உள்ள அருங்காட்சியகம் போய்விடுங்கள். அரிக்கமேட்டு மணிகளையும் ஜாடித் துண்டுகளையும் அங்கே பார்த்த பிறகு வந்தால்தான் மேடு ‘பேசும்’. விடுமுறை நாளா என்பதை மட்டும் செக் பண்ணிக்கோங்க.

மழை பெய்தால் மண்ணில் இருந்து மணிகள் இன்றும் வெளியே வரும். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் அந்த மணி வெறும் கண்ணாடித் துண்டுதான்.

மதியப் பசிக்குப் பக்கத்திலேயே வீராம்பட்டினம் மீனவ கிராமம், கடற்கரை. சீசனில் போனால், திரும்பும்போது பண்ருட்டி பலாப்பழத்துக்கு வண்டியில் இடம் விட்டு வையுங்கள்.