கோணிப்பைக்குத் தப்பிய பூனைகள்

தெருப்பூனைகளைப் பிடித்துத் தொலைவில் விடுவது பலிக்காத வைத்தியம். குடும்பக் கட்டுப்பாடுதான் வழி என்று இறங்கியிருக்கிறார்கள் மும்பைத் தொண்டர்கள்.

மும்பை தனக்கு வேண்டாததையெல்லாம் கிழக்கே தள்ளிவிடும் நகரம். 1927-ல் கோவண்டியை ஒட்டிய தேவனாருக்குக் குப்பைமேடு வந்தது. 1971-ல் ஆடுமாடு வெட்டும் கூடம் வந்தது. 1976-ல் ஜனதா காலனியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் - தமிழர்கள் அதில் ஏராளம் - சற்றுத் தள்ளி சீட்டா கேம்ப்பில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். பூனைக்கும் இதே நியாயம்தான்: கோணியில் கட்டு, தூரத்தில் விடு.

ஆனால் பூனை இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி. புது இடத்தில் விட்டால் பழைய சந்தைத் தேடி அலையும். பல சமயம் வண்டியில் அடிபட்டுச் சாகும். அது காலி செய்த இடமும் காலியாக இருக்காது. மீன் கழிவும் எலியும் உள்ளவரை வேறொரு பூனை குடியேறிவிடும்.

பிறகு கணக்கு ஆரம்பிக்கிறது. பெட்டைப்பூனை ஐந்தாவது மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் பிரசவம். ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டிகள். அவை பால் குடிக்கும்போதே தாய் அடுத்த சினைக்குத் தயார். குட்டிகளில் பல பிழைப்பதில்லை. பிழைத்தவை சந்தை நிரப்பப் போதும்.

இந்தக் கணக்கைத்தான் தொண்டர்கள் மாற்றப் பார்க்கிறார்கள். கூண்டுக்குள் மீனை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் காத்திருக்க வேண்டும். பூனை சிக்கியதும் கூண்டின் மேல் துணியைப் போர்த்தினால் சீற்றம் அடங்கும். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை. கூடவே வெறிநாய்க்கடி தடுப்பூசி. இடது காது நுனியில் சிறிது வெட்டிவிடுகிறார்கள். மறுபடி பிடிபட்டால் இரண்டாவது முறை கத்தி வைக்காமலிருக்க அதுதான் அடையாளம். காயம் ஆறியதும் பிடித்த சந்திலேயே கொண்டுபோய் விடுகிறார்கள்.

அக்கம்பக்கத்தார் முணுமுணுப்பது இங்கேதான்: 'திரும்பவும் இங்கேயா?' அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. கூரைமேல் சண்டை, ராத்திரி அலறல், வாசலில் மூத்திர வாடை. ஆனால் இவற்றில் பெரும்பங்கு இனச்சேர்க்கைக் கால ரகளை. சிகிச்சைக்குப் பின் அது வெகுவாகக் குறைகிறது.

யோசனை புதிதல்ல. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் திட்டத்தை, 1959-ல் பிறந்த சென்னை புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கியது. மும்பை மாநகராட்சி 1994-ல் அந்த வழிக்கு வந்தது. பூனைகளின் முறை வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று: 2019-ல்தான் மாநகராட்சி அவற்றுக்கும் கருத்தடையைத் தொடங்கியது.

குட்டிகளின் கதை வேறு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை பட்டுப் பழகினால், அவை வீட்டுப்பூனையாகும். அதற்குள் வீடு தேட வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் வாழும் இடத்தில் யாரிடம் கேட்பது? வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும், குட்டி வளர்ந்ததும் கருத்தடை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். கறுப்புக் குட்டி என்றால் சகுனம் வேறு குறுக்கே வந்துவிடும். வளர்ந்து காட்டுத்தனம் ஏறிய பூனைக்கு வீடு தேடுவதில்லை. சந்துதான் அதன் வீடு.

தினமும் சோறு வைக்கும் நல்ல மனதுக்காரர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சோறு மட்டும் வைத்தால் குட்டிகள்தான் பெருகும். பத்துப் பூனையில் மூன்றுக்கு மட்டும் சிகிச்சை செய்தாலும், மீதி ஏழு சேர்ந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். எனவே ஒரு சந்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த சந்துக்குப் போவதே உத்தமம். புதிதாக ஒரு முழுக்காதுப் பூனை வந்தால், சோறு வைப்பவர் கண்ணில்தான் அது முதலில் படும். கூண்டோடு வருபவருக்கு அந்தத் தகவல் போதும்.