கடல் கடந்த பெண்களுக்குக் கைப்பேசி தரும் துணை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் முதலிய தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து வெளிநாடு செல்லும் பெண், பிறந்த வீட்டோடு, படித்துறையில் துணி துவைத்தபடியும் திண்ணையில் சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றியபடியும் பெண்கள் ஒருவர் மனத்தை ஒருவர் ஆற்றிக்கொள்ளும் அன்றாடப் பேச்சையும் விட்டுச் செல்கிறாள். சுற்றத்தாரிடமிருந்து கிடைக்கும் ஆறுதல், தகவல், கையுதவி ஆகியவற்றையே சமூகவியலார் ‘சமூக ஆதரவு’ என்கின்றனர். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் இதனை வகைப்படுத்தி விளக்கினார். இந்த ஆதரவில் எவ்வளவு கைப்பேசி வழியே கடல் கடக்கும் என்பதே இன்று ஆராயப்படும் கேள்வி.

2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் எனவும், அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் பெண்கள் எனவும் மதிப்பிட்டது. அமெரிக்காவில் எச்-1பி என்னும் பணி விசாவில் பணிபுரிபவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 என்னும் சார்பு விசா. 2015 மே மாதம் வரை அவ்விசாவில் வேலை பார்க்க வழியே இருக்கவில்லை, அதன் பின்னரும் கணவரின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைக் கடந்திருந்தால் மட்டுமே மனைவிக்குப் பணி அனுமதி கிடைக்கிறது. பட்டம் பெற்ற பெண் பல ஆண்டுகள் வீட்டுக்குள் அடைபடுவதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

தனிமை கடுமையாக அழுத்துவது பிள்ளைப்பேற்றின்போதுதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் நெல்லை வழக்கம், தாயின் கைப்பக்குவத்தையும் பச்சிளங்குழந்தையை இரவில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆட்களையும் உறுதிசெய்தது. அது இல்லாதபோது பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு, அதாவது காரணமற்ற அழுகை, குற்றவுணர்வு, குழந்தைமீது பற்றின்மை ஆகியவை வாரக்கணக்கில் நீளும் நோய்க்கு, வாய்ப்பு கூடுகிறது. கனடாவின் ஒண்டாரியோவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இங்கு நம்பிக்கை தருகிறது. இந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 701 தாய்மாரில் ஒரு பிரிவினரோடு, முன்பு அதே துன்பத்தைக் கடந்த தாய்மார், நான்கு மணி நேரப் பயிற்சி மட்டுமே பெற்றுத் தொலைபேசியில் பேசிவந்தனர். 12 வாரங்களுக்குப் பின் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருக்க, தொலைபேசித் துணை பெற்றவர்களில் அது 14 சதவீதமாக இருந்தது. முகம் காணாத குரலும் நோயைத் தடுக்கும் என்பதற்கு இது வலுவான சான்று.

அந்தக் குரல் யாருடையது என்பதும் முக்கியம். டல்லாஸில் இரவு 2 மணிக்குக் குழந்தை அழும்போது அம்பாசமுத்திரத்தில் கோடையில் பகல் 12.30 என்பதால் தாய் விழித்திருப்பாள். ஆயினும் மாமியாரும் நாத்தனாரும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “நல்லா இருக்கேன்” என்பதைத் தவிர வேறெதையும் எழுத இயலாத பெண், தான் வாழும் ஊரிலேயே அதே நிலையைக் கடந்த இன்னொரு தமிழ்ப் பெண்ணிடமே மனம் திறக்கிறாள். உறவுக்குழு கண்காணிப்பாக மாறினால் அது ஆதரவாகாது.

வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் நிலை வேறு. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு அவ்வேலைக்குச் செல்பவருக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் விதி; சுற்றுலா விசாவில் அனுப்பப்படுபவர் அரசின் கணக்கிலேயே வருவதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருப்பதால் குரல்பதிவுகள் ஊரோடு பேசும் ஓர் எளிய வழி. முதலாளி கைப்பேசியைப் பறித்துவிட்டாலோ அதுவும் அடைபடுகிறது. அப்பெண்ணுக்குக் கைப்பேசியைத் தன்வசம் வைத்திருக்கும் உரிமையே முதல் மனநலத் தேவை.

இணையத் துணை காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தராது, மருத்துவருக்கும் மாற்றாகாது. அமெரிக்காவிலுள்ள தாய்மார் 1-833-852-6262 என்னும் மகப்பேற்று மனநல எண்ணில் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு எந்நேரமும் பேசலாம். மகளின் குரலில் மாற்றத்தை உணரும் அம்பாசமுத்திரத்துப் பெற்றோர், 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே அழைத்து, அவளிடம் எவ்வாறு பேசுவது எனக் கேட்டறிய வேண்டும்.