எள்ளுக்குள் எண்ணெய் எவ்வளவு?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி பக்கம் மானாவாரியில் விளைகிற எள்ளில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய்தான். செக்கில் ஆட்டினால் கொஞ்சம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால் செக்குக் கணக்கு முழுக்கணக்கு ஆகாது. ஆய்வகத்தில், உலர்த்தி அரைத்த எள்ளை எடைபோட்டு, தடித்த காகிதக் கூட்டில் இட்டு, சாக்ஸ்லெட் கருவிக்குள் வைக்கிறார்கள். கீழே ஹெக்சேன் என்ற கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலேறிக் குளிர்ந்து எள்மீது சொட்டும். எண்ணெயைக் கரைத்துக்கொண்டு திரும்பக் கீழே இறங்கும். மணிக்கணக்கில் இதே சுற்றுதான். கடைசியில் ஹெக்சேனை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சிய எண்ணெயை நிறுத்தால் விடை கிடைக்கும். ஜெர்மன் வேளாண் வேதியியலர் ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் 1879இல் இந்தக் கருவியைச் செய்தது பால் கொழுப்பை அளக்க! இப்போது அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவி விதையை உடைக்காமலே சில நிமிடங்களில் அளவைச் சொல்லிவிடுகிறது. அளந்த விதையை அப்படியே விதைக்கவும் செய்யலாம்.