ஒரே ஆள், பல கேஸ்: ஒகேனக்கல்லில் திரும்பத் திரும்ப சிக்குபவர்களை கண்காணிப்பது யார்? திருத்துவது யார்?

டாஸ்மாக் கடை திறப்பதே பகல் 12 மணிக்குத்தான். அதற்கு முன்பே ஒருவர் கையில் மது பாக்கெட் இருந்தால், அது எங்கிருந்து வந்தது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்குப் பதில் பலருக்கும் தெரியும். ஒகேனக்கல்லில் அது கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது. காவிரிக்கு இந்தக் கரை பென்னாகரம் தாலுகா, அந்தக் கரை கர்நாடகாவின் சாம்ராஜ்நகர் மாவட்டம். 'கர்நாடக மது பாக்கெட் பறிமுதல், ஒருவர் கைது' என்ற செய்தி இந்தப் பக்கம் அடிக்கடி வரும். கைதானவர் மீது ஏற்கெனவே இதேபோன்ற வழக்குகள் இருப்பதும் சகஜம்தான்.

ஊட்டமலை பக்கம் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். பாக்கெட் விற்றதாக 3 கேஸ், நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு கேஸ். சேலம் மத்திய சிறையில் இருந்து வெளியே வந்து பஸ் பிடித்து ஊருக்கு வருகிறார். அடுத்து என்ன நடக்கும்?

முதலில் வருவது ஃபைல்

உள்ளூர் காவல் நிலையத்தில் இவர் பெயரில் 'சரித்திரப் பதிவேடு' திறக்கப்படலாம். பேச்சுவழக்கில் ஹிஸ்டரி ஷீட், சுருக்கமாக எச்.எஸ். தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளில் இதற்கென்றே விதிகள் உண்டு. இந்தப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் ராத்திரி ரோந்தில் வீட்டுக் கதவு தட்டப்படும். திருவிழா, தேர்தல் என்றால் ஸ்டேஷனுக்கு அழைப்பு வரும். ஒருமுறை திறந்த பதிவேட்டை காரணமே சொல்லாமல் வருஷா வருஷம் நீட்டிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் வரை போய்க் கேட்பவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது நன்னடத்தைப் பத்திரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129-வது பிரிவு. வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால், நிர்வாக நடுவர் முன்பு அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு 'ஒழுங்காக இருப்பேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்டங்களில் இந்த நடுவர் பெரும்பாலும் ஆர்.டி.ஓ.தான். மாநகரங்களில் இதே அதிகாரத்தை காவல் துணை ஆணையர்களுக்குக் கொடுத்த அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிடிக்கிற போலீஸே நடுவராகவும் உட்கார முடியாது என்பதுதான் விஷயம்.

அதையும் தாண்டினால் குண்டாஸ். தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு சட்டம் (14/1982). பெயர்தான் குண்டாஸ், ஆனால் பட்டியலில் சாராய வியாபாரிகளும், வனக் குற்றவாளிகளும் உண்டு. மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் விசாரணை முடியாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். உத்தரவுக்கு 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும், பிறகு அறிவுரைக் குழுமம் பார்க்கும்.

ஆக, கண்காணிக்க நிறைய கை இருக்கிறது. கவனியுங்கள், இதில் ஒன்றுகூட "வெளியே வந்து சோத்துக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்பதில்லை.

சரி, அதைக் கேட்பது யார்?

கேட்கவே ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சாராயத் தொழிலை விட்டு 'மனம் திருந்தியவர்களுக்கு' மறுவாழ்வு நிதி கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் பல வருடங்களாக இருக்கிறது. மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு போலீஸ் ஆளை அடையாளம் காட்டுகிறது. மாவட்ட ஆட்சியர், கலால் உதவி ஆணையர் வழியாக உதவி போகிறது. கறவை மாடு, ஆடு, பெட்டிக்கடை, தையல் மெஷின் என்று ஏதாவது ஒன்று. திரும்பத் திரும்ப குற்றம் செய்யும் ஒருவர் விஷயத்தில் போலீஸும் வருவாய்த் துறையும் ஒரே மேஜையில் உட்காரும் அபூர்வமான இடம் இது.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் காட்டியது. 60-க்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்துக்கு பலியானார்கள். கைதானவர்களில் சிலர் மீது ஏற்கெனவே பல சாராய வழக்குகள் இருந்தது அப்போது பெரிய செய்தியானது. பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி காய்ச்சினார்கள். அதையடுத்து மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது.

ஆடு கொடுத்தாச்சு, மேய்க்க இடம்?

நம் ஊட்டமலை ஆளுக்கு இந்தத் திட்டத்தில் 10 ஆடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துக் காடுகளின் நிலைமை வேறு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமும், 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. சரணாலயம், தேசிய பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றில் கால்நடை மேய்ச்சல் கூடாது என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

அதாவது, ஒரு துறை கொடுத்த ஆட்டை ஓட்டிக்கொண்டு அவர் சரணாலய எல்லைக்குள் போனால், இன்னொரு துறை கேஸ் போடும். 'திருந்தியவர்' மீது மறுபடி ஒரு வழக்கு! ஆடு வாங்கித் தரும் முன் வனத்துறையிடம் ஒரு போன் போட்டிருந்தாலே தவிர்த்திருக்கலாம். 'துறைகள் கூட்டாகச் செயல்பட வேண்டும்' என்று சொல்வதன் அர்த்தம் நடைமுறையில் இவ்வளவுதான்.

பரிசல் ஓட்டலாமே என்று கேட்கலாம். அதற்கு அனுமதி வேண்டும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை வந்துவிடும். மீன் வறுப்பது, எண்ணெய் மசாஜ் எல்லாமே டூரிஸ்ட் வந்தால்தான். தண்ணீர் அதிகம் வரும் வாரங்களில் கையில் காசு இருக்காது. பழைய தொழில் 'வா' என்று கூப்பிடுவது அப்போதுதான்.

காட்டைத் திருடியவர்களே காட்டைக் காத்த கதை

இதை சாதித்துக் காட்டிய இடம் தூரத்தில் இல்லை. தேனி மாவட்ட எல்லையில், குமுளியை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகம். 'வயனா' என்ற காட்டு லவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் அங்கே இருந்தார்கள். பல வழக்குகள் உள்ளவர்கள்தான். 1990-களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் கேரள வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து பேசியது. அவர்களை ஒரு குழுவாக்கி, டூரிஸ்டுகளை காட்டுக்குள் அழைத்துப் போகும் வேலையும் ரோந்து வேலையும் கொடுத்தது. காட்டில் எந்தப் பாதையில் திருடன் வருவான் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை!

இங்கே கவனிக்க வேண்டியது, அது ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போன உதவி இல்லை. மாதா மாதம் வருமானம், கூடவே ஊரில் ஒரு மரியாதை.

நம் பக்கம் இதற்கு ஒரு தொடக்கம் மட்டும் உண்டு. 'நாட்டுத் துப்பாக்கியை தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை' என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மலை கிராமங்களில் வனத்துறையும் போலீஸும் அறிவிக்க, துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. கொடுத்துவிட்டுப் போனவருக்கு அடுத்த வேலை என்ன என்பதுதான் விடுபட்ட பாதி.

இங்கிலாந்தில் எப்படி?

இங்கிலாந்து, வேல்ஸில் 2009 முதல் 'ஒருங்கிணைந்த குற்றவாளி மேலாண்மை' என்ற முறை இருக்கிறது. ஒரு பகுதியில் அடிக்கடி சிக்கும் ஆட்களின் பட்டியலை போலீஸ், நன்னடத்தைத் துறை, உள்ளாட்சி, போதை சிகிச்சை மையம் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும். யாருக்கு வீடு இல்லை, யார் மறுபடி குடிக்கிறார், யார் வேலைக்குப் போகிறார் என்று ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒத்துழைத்தால் உதவி, இல்லாவிட்டால் கண்காணிப்பு இறுகும்.

பட்டியல் என்றாலே நமக்கு ஒரு பழைய பயமும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-ல் நாடு முழுவதும் ரத்தாகும் வரை, பிறந்த சாதிக்காகவே ஆட்களை ரேகை வைக்கச் சொன்ன நாடு இது. அதற்குப் பின் வந்த 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்களும் அதே மக்கள் மீது திருப்பப்பட்டதை 2024 அக்டோபரில் சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதனால் பட்டியலில் பெயர் ஏற ஒரு வழி இருந்தால், இறங்கவும் ஒரு வழி எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளியே வந்தவர் என்ன செய்யலாம்?

பதிவேட்டில் பெயர் நீட்டிக்கப்பட்டதை எதிர்க்கவோ, நன்னடத்தைப் பத்திர நோட்டீஸுக்குப் பதில் சொல்லவோ வக்கீலுக்குக் காசு இல்லை என்றால், தர்மபுரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மறுவாழ்வு நிதிக்கு அந்தப் பகுதி மதுவிலக்கு அமலாக்கப் பிரிவிலோ, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள கலால் பிரிவிலோ மனு கொடுக்கலாம். ஆடு, மாடு கேட்பதாக இருந்தால், தங்கள் ஊர் எல்லையில் மேய்ச்சலுக்கு அனுமதி உண்டா என்று வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.