"டெஸ்ட் இல்லை" என்று திரும்பினால் பெயரைப் பதியுங்கள்



"ஆஸ்பத்திரிக்குப் போனேன், டெஸ்ட் செய்ய சாமான் இல்லையாம், வெளியில செய்யச் சொல்லிட்டாங்க" என்று மலையில் பேசிக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரு நாள் பேரும் போய், பஸ் காசும் போய், வெறுங்கையோடு திரும்புவது பெரிய கஷ்டம். இது ஏன் நடக்கிறது, இதில் நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இரத்தம் சோதிக்க மெஷின் மட்டும் இருந்தால் போதாது. ஊசி, போத்தல், சோதனைத் திரவம், ஸ்ட்ரிப் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மெஷின் சும்மாதான் கிடக்கும். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு இவை கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவின் மூலம் வருகின்றன. பல சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கப்படுபவை. அதனால்தான் 2022ஆம் ஆண்டு டொலர் தட்டுப்பாட்டின்போது பல பரிசோதனைகள் தடைப்பட்டன. அது நம் கையில் இல்லை. ஆனால் கணக்குச் சரியில்லாமல் வரும் தட்டுப்பாட்டைத் திருத்தலாம்.

முதலாவது, முடியுமுன் ஓடர் போடுவது. வீட்டில் மாவு டின் காலியான பிறகா கடைக்குப் போகிறோம்? ஒரு டிஸ்பென்சரியில் மாதம் 40 ஸ்ட்ரிப் செலவாகிறது, ஓடர் வந்து சேர 2 மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 80 வேண்டும். தாமதமானால் சமாளிக்க இன்னும் 40. ஆகவே கையிருப்பு 120க்கு இறங்கியதுமே ஓடர் போக வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பது. சீக்கிரம் காலாவதியாகும் பெட்டியை முன்னுக்கு வைத்து முதலில் எடுக்க வேண்டும். பல திரவங்களை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. அதில் சாப்பாடும் வைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். சாமான் இல்லாத மாதத்தில் டெஸ்ட் நடக்காது. செலவுப் புத்தகத்தில் பூச்சியம் விழும். அதை மட்டும் பார்த்து ஓடர் போட்டால், "இங்கே தேவை குறைவு" என்று அடுத்த முறை இன்னும் குறைவாகவே வரும். சோதிக்காமல் திரும்பிப் போனவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

இதனால் யாருக்கு நட்டம்? கர்ப்பிணித் தாய்க்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. நேரத்தோடு தெரிந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் நல்ல சாப்பாடும் கொடுத்துத் தேற்றலாம். தெரியாமல் பிரசவத்துக்குப் போனால், மற்றவர் தாங்கும் இரத்தப்போக்கை அந்தத் தாய் தாங்க மாட்டார்.

ஆகவே, டெஸ்ட் இல்லை என்று யாராவது சொன்னால் பேசாமல் வந்துவிடாதீர்கள். என்ன டெஸ்ட், எந்தத் திகதி, எந்த இடம் என்று தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லிப் பெயரைப் பதியுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதித் தருவோம். மாதமுடிவில் அந்தக் கணக்கை டிஸ்பென்சரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்தால், செலவானதோடு தேவைப்பட்டதும் சேர்ந்து ஓடரில் ஏறும். நமது தாய்மாருக்காக இதைச் செய்வோம்.